பாயிண்டா, வட்டியா? மிஞ்சியது நாலு ரூபாய்

புதுச்சேரி நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போனோம். கடை வாசலிலேயே ஒருவர் மறித்து, எங்கள் பேங்கில் புதுக் கணக்கு தொடங்கினால் 500 ரூபாய் வவுச்சர், டெபிட் கார்டு தேய்க்கத் தேய்க்க பாயிண்ட் என்று ஆரம்பித்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் தங்கை கேட்டாள், “அண்ணா, வட்டி அதிகம் தர்ற பேங்க் நல்லதா, பாயிண்ட் தர்ற பேங்க் நல்லதா?” கடலூர் வந்து இறங்குவதற்குள் கணக்கு போட்டு முடித்துவிட்டோம். நீங்களும் போடலாம், பாஸ்புக்கும் ஒரு பேனாவும் போதும்.

முதலில், கணக்கில் எவ்வளவு பணம் தங்குகிறது என்று பாருங்கள். சம்பளம் எவ்வளவு வருகிறது என்பது இங்கே பேச்சே இல்லை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை, சீட்டு, ஸ்கூல் ஃபீஸ் என்று பாதி போய்விடும், வங்கியோ அந்தந்த நாள் முடிவில் இருக்கும் தொகைக்குத்தான் வட்டி போடுகிறது (2010 ஏப்ரலிலிருந்து இதுதான் முறை). தங்கைக்குச் சராசரியாக 40,000 தங்குகிறது. ஸ்டேட் பேங்க் 2025 ஜூனிலிருந்து சேமிப்புக் கணக்குக்குத் தருவது 2.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 1,000 ரூபாய். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம், 1,600 ரூபாய். வித்தியாசம் 600, மாதம் 50.

தபால் ஆபீஸில் ஒரு சூட்சுமம் உண்டு. மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை எது குறைந்த இருப்போ அதற்குத்தான் வட்டி. 11ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடையாது, 25ஆம் தேதி அவசரத்துக்கு எடுத்தால் எடுத்த தொகைக்கான அந்த மாத வட்டியும் போச்சு.

சரி, பாயிண்டுக்கு வருவோம். பாயிண்டை பாயிண்டாகவே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோம், உடனே ரூபாயாக மாற்றுங்கள். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய் கார்டில் தேய்த்தால் வருடத்துக்கு 96,000, அதற்கு 960 பாயிண்ட், கையில் 240 ரூபாய். அந்த கார்டுக்கு வருடக் கட்டணம் 200 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 236. மிச்சம் நாலு ரூபாய், அதற்கு நல்ல டீ கூட வராது! அதுவும் மாதம் 8,000 தேய்த்தால்தான். மஞ்சக்குப்பத்தில் காய் வாங்கினாலும் முதுநகரில் மீன் வாங்கினாலும் நாம் ஸ்கேன் பண்ணித்தானே கொடுக்கிறோம், அந்தச் செலவுக்கு டெபிட் கார்டு பாயிண்ட் பெரும்பாலும் ஏறாது. பாயிண்டுக்குக் காலாவதி உண்டு என்பதையும் பாருங்கள்.

வவுச்சர் ஒரே ஒரு தடவைதான் வரும். முதல் வருடத்துக்கு மட்டும் அந்த 500ஐச் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் வருடத்துக்கு அது இல்லாமல் தனியாக ஒரு கணக்கு போடுங்கள்.

அடுத்தது “7 சதவீதம் வரை” என்ற விளம்பரம். அந்த ‘வரை’யில்தான் விஷயம் இருக்கிறது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேலே உள்ளதற்கு மட்டும் 7 என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். 1,20,000 போட்டால் 3,000மும் 1,400ம் சேர்ந்து 4,400 வரும். கூட்டிக் கழித்தால் 3.7 சதவீதம் கூட முழுசாக இல்லை. சின்ன வங்கி என்று பயந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, அந்த வரம்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வட்டியையும் பாயிண்டையும் சேர்த்து விழுங்குவது மினிமம் பேலன்ஸ் அபராதம், அதாவது கணக்கில் வங்கி சொன்ன அளவு பணம் இல்லாவிட்டால் பிடிப்பது. தேவனாம்பட்டினத்தில் என் சித்தப்பா மகன் படகு வைத்திருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, வரவே கிடையாது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் வங்கியில் பாயிண்ட் கணக்கு தொடங்கியவனுக்கு அந்த இரண்டு மாதமும் அபராதம் பிடித்ததில், வருடம் முழுக்கச் சேர்த்த பாயிண்டைப் போல மூன்று மடங்கு போய்விட்டது. அபராதம் பிடித்தே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, ஆனால் பூஜ்யம் வரை உருவலாமே. பல வங்கிகள் மாதச் சராசரியைத்தான் பார்க்கின்றன, ஆகவே 30 நாள் மாதத்தில் 1,50,000 ரூபாய் ஒரே ஒரு நாள் கிடந்தாலும் சராசரி 5,000 வந்துவிடும். படகுக்காரனிடம் தடைக்காலத்தில் அது ஏது? ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு மாறிவிட்டான்.

வரியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: சேமிப்பு வட்டி வருமானத்தில் சேரும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அதில் கழிவு உண்டு, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது 10,000 ரூபாய் வரை.

ஆறு மாதம் தொடவே போவதில்லை என்கிற பணத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேராக எஃப்டியில் போடுங்கள். தங்கையும் 40,000இல் 25,000ஐ அப்படித்தான் போட்டாள். மீதிக்குப் பழைய கணக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கிளைக்குப் போய் வருடக் கட்டணம் இல்லாத கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.