ஒரு ஆப்பிரிக்க ஃபார்வேர்டை வருஷக்கணக்கில் கவனிப்பது எப்படி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் கால்பந்து ஆடிவிட்டு டீக்கடைக்கு வருகிற பையன்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, ஓசிமென் இதுவரைக்கும் எத்தனை கோல்?" எண்ணிக்கை போனிலேயே கிடைக்குமே தம்பி. அதை மட்டும் வைத்துக்கொண்டு, சொந்த நாட்டை விட்டுப் போய் ஆடுகிற ஒரு ஃபார்வேர்டை, அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவரை, புரிந்துகொள்ள முடியாது. அவர் ஏன் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போனார் என்று பார்க்கணும், கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள், ஐந்து பேரை ஒன்றாக எடுத்தால் ஒருவரையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள். ஒரு கிளப்புக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் மூன்று விஷயம் எழுதணும்: எந்த வயசில் வந்தார், லோனில் (வேறு கிளப்பிலிருந்து கொஞ்ச காலத்துக்கு இரவலாக) வந்தாரா நேரடியாக வாங்கினார்களா, அவர் ஆடுகிற இடத்தில் அப்போது வேறு யார் இருந்தார்.

நான் விக்டர் ஓசிமெனுக்குப் போட்ட நோட்டையே உதாரணமாகச் சொல்கிறேன். நைஜீரியாவின் லாகோஸ் பையன். 2015-ல் சிலியில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் 10 கோல் அடித்தார், நைஜீரியா கோப்பையை வென்றது. பிறகு ஏன் உடனே ஐரோப்பா போகவில்லை? 18 வயசு ஆகாத பையனை வேறு நாட்டு கிளப் எடுப்பதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி, சில விலக்குகள் தவிர, தடுக்கிறது. அவர் பிறந்தது 1998 டிசம்பர் 29. அதாவது 2016 டிசம்பர் கடைசியில் 18 முடிந்தது, 2017 ஜனவரியில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் எடுத்துக்கொண்டது. பிறந்த தேதியைக் குறித்து வைத்தால் இந்த மாதிரி விஷயம் தானாகவே தெரிந்துவிடும்.

வோல்ஃப்ஸ்பர்க் பக்கத்தில் லீக் கோல் பூஜ்யம். இந்த இடத்தில்தான் பலரும் நோட்டை மூடிவிடுவார்கள், நீங்கள் மூடாதீர்கள். தோளில் காயம், அப்புறம் மலேரியா. உடம்பு தேறாத நிலையில் 2018 கோடையில் பெல்ஜியத்தில் இரண்டு கிளப்புகளில் சோதனைக்குப் போனார், இரண்டிலும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கால் எப்படி இருக்கும் என்று நம்மூரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே பெல்ஜியத்தில் ஷார்லெருவா கிளப் லோனில் எடுத்தது, அந்த ஒரு சீசனில் 20 கோல். ஆள் அதே ஆள்தான். இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகு, பூஜ்யத்தைப் பார்த்து யாரையும் கழித்துக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

2019-ல் பிரான்ஸின் லில் அவரை வாங்கியது. தலைப்பில் எழுதச் சொன்ன மூன்றாவது விஷயம் இங்கே உதவும்: அந்தக் கோடையில் லில்லின் நிக்கோலா பெப்பே ஆர்சனலுக்குப் போயிருந்தார், முன்வரிசையில் இடம் காலியாக இருந்தது. 2020-ல் இத்தாலியின் நாப்போலி.

ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தின் பின்னாலேயே கண் ஓடக் கூடாது. பத்து நிமிஷம் அவரை மட்டும் பாருங்கள். டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் எப்போது நழுவுகிறார், ஓட ஆரம்பிக்குமுன் யாரைத் திரும்பிப் பார்க்கிறார், அதையெல்லாம் பாருங்கள். கோல் எழுதும்போது பாஸ் கொடுத்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 2022–23 சீசனில் அவர் அடித்த 26 லீக் கோலை இடதுபக்கத்தில் ஆடிய குவாரட்ஸ்கேலியாவை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. 2023 மே 4 அன்று ஊடினேயில் 1–1 டிரா, நாப்போலிக்கு 1990-க்குப் பிறகு முதல் இத்தாலிய லீக் பட்டம். அன்று குவாரட்ஸ்கேலியா அடித்ததை கீப்பர் தட்டிவிட்டார், திரும்பி வந்த பந்தை ஓசிமென் உள்ளே அடித்தார். அந்த இடத்தில் நின்றதே பெரிய வேலை, அதைத்தான் நம் பையன்கள் கற்றுக்கொள்ளணும் என்று எனக்கு ஆசை.

ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தனிப் பக்கம் கட்டாயம் வேண்டும். இது பல முறை ஐரோப்பிய சீசனின் நடுவில், ஜனவரியில் வரும், நாடு கூப்பிட்டால் கிளப் அனுப்பித்தான் ஆகணும். 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் நடந்தபோது நைஜீரியா பைனல் வரை போய் 2–1 என்று தோற்றது. கிளப் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த வாரங்கள் வெறும் இடைவெளியாகத் தெரியும், ஆனால் அவர் அங்கே உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் இரவு 8:45 ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 1:15. காலையில் காலேஜ் இருக்கிற பையன் தினமும் விழிக்க வேண்டாம், மாதத்துக்கு ஒரு முழு ஆட்டம் போதும். ஹைலைட்ஸில் கோல் மட்டும்தான் இருக்கும், வீணாய்ப் போன ஓட்டம் எதுவும் இருக்காது. 2024-ல் அவர் துருக்கியின் கலத்தசராய்க்குப் போனது நமக்கு வசதியாயிற்று, அங்கே 8 மணி என்றால் இங்கே 10:30 தான்.

முதல் நோட்டு முடிந்ததும் பார்த்தலோமியு ஓக்பெச்சேயை எடுங்கள். 17 வயசில் 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு ஆடியவர், பாரிஸில் தொடங்கி ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று சுற்றி, முப்பத்து மூன்று வயசுக்கு மேல் இந்தியாவுக்கு வந்தார். 2019–20ல் நமக்குப் பக்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 15 கோல், 2021–22ல் ஹைதராபாத்துக்கு 18. அதைவிட எனக்கு நெஞ்சில் நிற்பது அவர் மும்பைக்கு ஆடிய 2021 மார்ச் இந்திய லீக் பைனல்: கடைசி நிமிஷத்தில், 36 வயசில், எதிரணி கீப்பரைத் துரத்திப் போய் பந்தைப் பிடுங்கி பிபின் சிங்குக்குக் கொடுத்தார், மும்பை ஜெயித்தது. கோல் பட்டியலில் அவர் பெயர் வராது. உங்கள் நோட்டில் எழுதுங்கள்.