உடைந்த கார்பன் மட்டை: பசையைத் தேடும் முன் கத்தரிக்கோலைத் தேடுங்கள்

பாட்மின்டன் இரட்டையர் ஆட்டத்தில், இருவருக்கும் நடுவே வந்து இறங்கும் பந்துதான் மட்டைகளுக்கு எமன். "எனக்கு" என்று இருவரும் ஒரே சமயத்தில் கை நீட்டுவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். சட்டத்தின் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். என் மட்டைக்கு இது நேர்ந்தபோது, இன்னும் ஆறு புள்ளிதானே என்று ஆட்டத்தை முடித்துவிட்டு, மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தலைப்பகுதி மாங்கொட்டை போல ஒரு பக்கம் கோணியிருந்தது.

ஒட்டும் வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுகிற தவறு இது. 24 பவுண்டில் கட்டிய நரம்பின் ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 11 கிலோ விசையோடு சட்டத்தை உள்ளே இழுக்கிறது. நெடுக்கும் குறுக்குமாக அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட இழைகள். வளையம் முழுதாக இருக்கும்வரை தாங்கும். ஓரிடத்தில் விட்டுப்போனால் மற்ற இடங்களும் வளையத் தொடங்கும். ஆகவே ஆடுகளத்திலேயே நரம்பை வெட்டிவிடுங்கள். ஓரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து. நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என மாற்றி மாற்றி வெளிப்புறமாக. நரம்புக்குக் கொடுத்த காசைப் பார்த்தால் மட்டையே போய்விடும்.

அடுத்தது, எங்கே உடைந்திருக்கிறது என்று பாராமல் இறங்குவது. வளையத்தின் மேலோ பக்கத்திலோ என்றால் முயன்று பார்க்கலாம். தண்டும் தலையும் சேரும் இடத்திலோ தண்டிலோ என்றால் விட்டுவிடுங்கள். ஸ்மாஷ் அடிக்கும்போது ஒட்டு விட்டால் தலை தனியே பறக்கும். எதிரே ஒருவர் நிற்கிறார். கார்பன் சைக்கிளின் முன் ஃபோர்க், ஹேண்டில்பார் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். அவற்றில் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது.

இனி பசை. கார்பன் பொருளின் வலிமை பிணைக்கும் பிசினில் இல்லை, அதனுள் இருக்கும் கார்பன் இழையில் இருக்கிறது. ஓர் இழையின் தடிமன் சுமார் 7 மைக்ரான். தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள்: நெடுக்குவாட்டில் பாரம் தாங்கும், நுனியில் அரிவாளை வைத்துத் தட்டினால் நெடுகப் பிளந்துவிடும். அறுந்த இழைகளின் வேலையைப் புது இழைகள்தான் ஏற்க வேண்டும். பசையால் அது முடியாது. விரிசலில் நான்கு சொட்டு உடனடிப் பசை விடுபவர்கள் இரட்டிப்பு நஷ்டம் செய்கிறார்கள். அது கண்ணாடி போல இறுகி, முதல் அடியிலேயே நொறுங்கும். அதற்குள் விரிசலுக்குள் புகுந்து உறைந்துவிட்டதால், பிறகு ஊற்றும் எபாக்சி (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து பூசும் பிசின்) இழையைத் தொட வழியில்லாமல் போகும். குழாய்க் கசிவை அடைக்கும் களிமண் போன்ற பசையும் பள்ளத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

புது இழைக்காகக் கார்பன் இழைத் துணி வாங்கி எபாக்சியில் ஒட்டுபவர்களும் தவறுவது திசையில். காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றிக் கட்டினால் பார்வைக்குப் பலமாகத் தெரியும். வளையும் விசைக்கு எதிராக அதில் ஓர் இழைகூட நிற்காது. முதல் அடுக்கு சட்டத்தின் நீளவாக்கில், அடுத்தது 45 பாகைச் சரிவில். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். ஒட்டு திடீரென முடிந்தால், அந்த விளிம்பிலேயே அடுத்த முறிவு வரும். குழாய் போன்ற சட்டத்தின் உள்ளே இரும்புக் கம்பி செருகுவதும் இதே காரணத்தால் வீண். உடைந்த இடம் நிற்கும். கம்பியின் நுனி இருக்கும் இடம் உடையும்.

உப்புத்தாள் போடும்போது பெயின்ட் போனதும் நிறுத்துங்கள். கறுப்புத் தூள் வரத் தொடங்கிவிட்டால் நீங்கள் தேய்ப்பது நல்ல இழையை. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் அரிக்கும். மின்சாரம் கடத்துவதால் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்புக்கும் ஆகாது. என்-95 முகக்கவசம், கையுறை, தண்ணீர் தொட்டுத் தேய்த்தல் மூன்றும் வேண்டும். தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்தபின் வெறும் விரலால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். விரலின் எண்ணெய் போதும், பிசின் பிடிக்காமல் போக.

எபாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ! கூட்டினாலும் குறைத்தாலும் மிஞ்சுவது பிசுபிசுப்பு அல்லது வலுவில்லாத ஒட்டு. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று படித்து, எடைக்கு என்றால் சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். துணியைப் பதித்தபின் இன்சுலேஷன் டேப்பை, பசைப் பக்கம் வெளியே இருக்குமாறு இழுத்துச் சுற்றி, ஊசியால் ஆங்காங்கே குத்தினால் மிகைப் பிசின் முத்து முத்தாக வெளியே வரும். அப்படி வெளியேற்றாவிட்டால் எடை ஏறும். 85 கிராம் மட்டையின் தலையில் நான்கு கிராம் கூடினாலே மணிக்கட்டுக்குத் தெரியும்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கும். உடனே நரம்பு கட்டக் கொடுத்துவிடுவோம். பல எபாக்சிகளுக்கு முழு வலு வர ஒரு வாரம் ஆகும். ஒட்டு மூடிய நரம்புத் துளைகளை மறுபடி போட்டு, புது பிளாஸ்டிக் குழல்களைச் செருகி, 20 பவுண்டுக்குமேல் வேண்டாம் என்று கட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டுப்போட்ட மட்டை என்பதையும் மறைக்காதீர்கள். முதல் சில நாட்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒட்டின் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியிருந்தால், மறுபடி கத்தரிக்கோல்தான். நடுவிலிருந்து.