கயாக்கில் பறவை பார்க்க எந்த நேரம் நல்லது?

வழிகாட்டியோடு கழிமுகத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போக முன்பதிவு செய்யும்போது, காலையா மாலையா என்பதோடு விடாமல், ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) எந்த நிலையில் இருக்கும் என்றும் கேளுங்கள். நீர் வற்றியிருந்தால் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். நண்டும் புழுவும் தேடி உள்ளான் பறவைகள் இறங்கும். ஆனால் குறுகலான ஓடைகளில் படகு தரைதட்டும். எனக்குப் பிடித்தது, வற்றி முடிந்து நீர் ஏறத் தொடங்கும் நேரம். திட்டு சுருங்கச் சுருங்கப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும், படகு திரும்பி வரவும் தண்ணீர் இருக்கும்.

அப்புறம், எதையாவது பார்த்ததும் நேராக அதை நோக்கித் துடுப்புப் போடாதீர்கள். பக்கவாட்டில் மிதந்து போங்கள். துடுப்பு படகில் 'டொக்'கென்று இடித்தால் போச்சு! கொக்கு கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை, மெதுவாகப் பின்வாங்குங்கள். பைனாகுலருக்கு மிதக்கும் பட்டை இருக்கட்டும்.