பாம்பன் பாலம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன தடவை பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு தம்பி செல்போனைக் கடல் பக்கம் திருப்பி, கூட வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்தப் பாலத்துலதான் 64 புயல்ல ரயில் அப்படியே கடலுக்குள்ள விழுந்துச்சு." எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. தனுஷ்கோடிக்குப் புதுச் சாலை போட்ட சமயத்தில் அதே இடத்தில் நின்று, ஏறக்குறைய அதே குரலில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

தொப்பி, தண்ணீர், வெயில் பற்றி எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டிய தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றில் இறங்கி நடந்து வாருங்கள்.

ரயில் பாலத்திலிருந்து விழுந்தது என்று நம்புவது

எனக்கு ஒரு முழு நாளைத் தின்ற தவறு இது. அத்தை, மாமா, பிள்ளைகள் என்று எட்டுப் பேரை வேனில் அழைத்துப் போயிருந்தேன். பாலத்தின் நடுவில் வேனை ஓரம்கட்டச் சொல்லி (ஆமாம், மேலே சொன்ன தவறேதான்) கதையை உருக்கமாக எடுத்துவிட்டேன். அத்தை கடலைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த இடத்தை விட்டு நகர யாருக்கும் மனம் வரவில்லை. ரயில் பாலத்தில் அடுத்த ரயில் வரும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

பாம்பனில் டீ குடிக்க நிறுத்தியபோதும் அதே பேச்சுதான். கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ரயிலு எந்த ஸ்டேஷன்ல இருந்து கிளம்புச்சு?"

"பாம்பன்லதாங்க ஐயா."

"எங்க போச்சு?"

"தனுஷ்கோடிக்கு."

"பாம்பன் ஸ்டேஷன் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. பாம்பன் ஸ்டேஷன் ராமேஸ்வரம் தீவில்தான் இருக்கிறது. கரைப் பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து வரும் ரயில் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அந்த ஸ்டேஷன் வரும். அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற ரயிலுக்குப் பாலம் முதுகுக்குப் பின்னால். 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்த கடல் அதை விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் புரிகிறது. அதே புயலில் பாலமும் அடிபட்டது. 145 கண்களில் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதி) 126 கண்களின் கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், கடலில் விழுந்தன. நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பாலம் மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. சரிசெய்யும் வேலை அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் வந்தது, பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பெயர் பெற்றவர் அவர்தான். விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து எடுத்து மறுபடி பொருத்தி, 46 நாளில் பாலத்தை முடித்துக் கொடுத்தார். பாம்பனுக்கு அப்பால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் திரும்ப வரவே இல்லை. இரண்டு சேதங்களும் ஒரே புயலில் நடந்ததால், கதை சொல்கிறவர்கள் ரயிலைத் தூக்கிப் பாலத்தின் மேல் வைத்துவிடுகிறார்கள்.

சரி, இப்போதாவது தனுஷ்கோடிக்குப் போகலாம் என்று வேனை விரட்டினோம். அங்கே பகலில் மட்டும்தான் விடுவார்கள். நாங்கள் சோதனைச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது, உள்ளே விடவில்லை. மறுநாள் அதிகாலையில் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். இடிந்த சர்ச், ஸ்டேஷன் கட்டடத்தின் மிச்சம், அரிச்சல்முனை எதையும் பார்க்காமல் வண்டி வாடகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தோம். "அப்ப நான் எங்கடா சாமி கும்பிட்டேன்?" என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறார்.

ஆகவே முதலில் தனுஷ்கோடி, அப்புறம் பாலம். பாலத்துக்கும் மாலை வெயில்தான் அழகு.

பாலம் எதற்குக் கட்டினார்கள் என்று கேட்காமல் வருவது

ராமேஸ்வரம் யாத்திரைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். யாத்ரீகர்களுக்கு உதவியது உண்மை. ஆனால் வெள்ளைக்காரன் கணக்கு இலங்கை. 1914 பிப்ரவரியில் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. போட் மெயில் என்று பெயர் வந்ததே அதனால்தான். இது தெரிந்து நின்றால், பாலம் எந்தத் திசையை நோக்கிக் கட்டப்பட்டது என்று கண்ணுக்கே தெரியும்.

மூன்று பாலங்களையும் ஒன்றாகப் பேசுவது

நீங்கள் வண்டியில் போவது 1988இல் திறந்த சாலைப் பாலம், அன்னை இந்திரா காந்தி பெயர். கீழே பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றது. புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. பழையதன் தூக்குப் பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளைப் போல மேலே எழும்பியது. அதைத் தூக்கியது ஆட்கள்தான், கையால். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் ஏறுகிறது. போட்டோவில் எதைக் காட்டுகிறோம் என்று தெரிந்து காட்டுங்கள்.

தூக்குப் பாலம் திறப்பதைப் பார்த்துவிடலாம் என்று காத்திருப்பது

கப்பல் வந்தால்தான் திறப்பார்கள். நீங்கள் வந்ததற்காகத் திறக்க மாட்டார்கள்.

ராமர் பாலத்தோடு குழப்புவது

அது தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் நடுவில். இங்கே நின்று தேடாதீர்கள்.

ரயிலில் போனால் பாலத்தைப் பார்க்கலாம் என்று நினைப்பது

ரயிலில் போனால் கடலைப் பார்க்கலாம். பாலம் உங்களுக்கு அடியில் இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு வழி ரயில், ஒரு வழி சாலை என்று வையுங்கள். ரயில் பகலில் பாலத்தைத் தாண்டுகிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். நான் முதல் தடவை ரயிலில் அந்தப் பாலத்தைக் கடந்தபோது மேல் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.