ஆப் தொடங்கும் முன்பே உங்கள் லாரியைப் பதிவு செய்வது எப்படி?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்குப் போகும் லோடு பெரிய கவலை இல்லை, சரக்கு பிடித்துத் தரும் தெரிந்த புக்கிங் ஆபீஸ் இருக்கும். திரும்பி வரும்போது ஏற்றும் ரிட்டர்ன் லோடுதான் வயிற்றைக் கலக்கும். பொள்ளாச்சித் தேங்காயை மகாராஷ்டிராவில் இறக்கிவிட்டு, நாசிக் வெங்காயம் கிடைக்குமா என்று இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்திப்போட்ட அனுபவம் எங்கள் வீட்டுக்கும் உண்டு. அதனால், ஆன்லைனில் லோடு பிடித்துத் தரும் புதிய தளம் வருகிறது, இப்போதே பதியலாம் என்று தகவல் வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவான பெயர் வந்துவிடும். பெயர் பொருந்தவில்லையா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடங்காத தளத்துக்கு டெபாசிட் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எங்கள் அப்பா ஒருமுறை கட்டினார். தளமும் வரவில்லை, பணமும் வரவில்லை.

அப்புறம் பேப்பர்கள். ஆர்சி (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், புகைச் சான்று ஐந்தையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் தொடங்கச் சில மாதம் ஆகலாம், அதற்குள் ஏதாவது ஒன்று காலாவதியாகிவிடும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும் என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆர்சி, பான், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். வண்டி அப்பா பெயரில் என்றால் பதிவும் அவர் பெயரிலேயே. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் பான் எண்ணோடு அதற்கான உறுதிமொழி கொடுத்துவிட்டால் வாடகையில் டிடிஎஸ் என்ற வரியைப் பிடிக்க மாட்டார்கள், அதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் மொபைல் எண் உரிமையாளருடையதாக இருக்கட்டும். டிரைவர் மாறினால் கணக்கே கைவிட்டுப் போகும்.

எத்தனை டன் என்று கேட்கும் இடத்தில், வழக்கமாக ஏற்றும் எடையைப் போடாதீர்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்து வருவதுதான் சரியான கணக்கு. கூட்டிப் போட்டால் ஓவர்லோடுதான் தேடி வரும், செக்போஸ்ட்டில் அபராதம் கட்டுவது நீங்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: எந்த ரூட் என்ற கேள்வி. பெரும்பாலோர் ‘ஆல் இந்தியா’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தொடங்காத தளத்தில் இன்னும் லோடே இல்லை. எந்த ஊரில் வண்டி நிற்கிறது என்று பார்த்துத்தான் தளத்துக்காரர்கள் அங்கே சரக்கு அனுப்புவோரைத் தேடிப் பிடிப்பார்கள். ஆகவே, நீங்கள் காலியாகத் திரும்பும் ஊரை எழுதுங்கள். ‘நாசிக்கிலிருந்து சேலம், மாதம் இரண்டு முறை, ஆறு வீல், ஓப்பன் பாடி, தார்ப்பாய் உண்டு’ என்று எழுதினால் அவர்களுக்கும் பிடி கிடைக்கும். லோடுக்காக எத்தனை கிலோமீட்டர் காலியாக வந்து நிற்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் நான்கு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கமிஷன் யாரிடம் பிடிப்பீர்கள்? அட்வான்ஸ் எவ்வளவு? இறக்கிய ரசீது கொடுத்த எத்தனை நாளில் பாலன்ஸ்? இறக்காமல் வண்டியை நிறுத்திவைத்தால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) யார் தருவது? பதில் வரும்வரை புக்கிங் ஆபீஸ் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.