அரேபா வந்ததும் ஒரு தட்டு தட்டுங்கள்

மயாமி பக்கத்து டோரலுக்கு 'டோரல்சுவேலா' என்றே பட்டப்பெயர். அவ்வளவு வெனிசுவேலாக்காரர்கள் அங்கே. அங்கோ மாட்ரிட்டிலோ அவர்கள் நடத்தும் சின்ன உணவகத்துக்குள் நுழைந்தால் முதலில் அரேபா கேளுங்கள். வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவைத் தட்டிச் சுடும் கனத்த ரொட்டி இது. நடுவில் கீறி உள்ளே நிரப்பித் தருவார்கள். வெறும் அரேபா வந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டால் சரியாக வெந்திருக்கிறது. ஆறினால் இறுகிவிடும், அதனால் ஃபோட்டோ அப்புறம்.

எதை நிரப்பச் சொல்வது? கோழியும் அவகாடோவும் மயோனைஸும் கலந்த 'ரெய்னா பெப்பியாடா' என் முதல் தேர்வு. 1955இல் உலக அழகியான சுசானா டுயிமைக் கொண்டாட வைத்த பெயர் அது. அசைவம் வேண்டாமென்றால் கறுப்பு பீன்ஸும் வெள்ளைச் சீஸும் வைத்த 'டோமினோ'. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்கோ இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள், அது மெக்சிகோ. வெனிசுவேலா சாப்பாட்டில் நம் நாக்குக்குக் காரமும் இருக்காது. அவகாடோ அரைத்த குவாசகாகா சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். டிசம்பரில் போனால் ஹயாக்கா கிடைக்கும்: இறைச்சிக் கலவை வைத்த மக்காச்சோள மாவை வாழையிலையில் மடித்து நூலால் கட்டி வேகவைத்தது.

குடிக்க 'பாப்பலோன் கோன் லிமோன்'. வெல்லம், எலுமிச்சை, தண்ணீர். சுக்கும் ஏலக்காயும் இல்லாத நம் பானகமேதான்.