சார்ட்டர் பள்ளி வந்தபின் உங்கள் பகுதிப் பள்ளிக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிப்பது எப்படி

சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி. அமெரிக்க நகரங்களில் இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் தேர்வு மதிப்பெண்ணைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் மாணவர் எண்ணிக்கை, அடுத்து பணம்.

பள்ளி டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) வெளியிடும் சேர்க்கைக் கணக்கை ஐந்தாறு வருடங்களுக்கு, வகுப்புவாரியாக எடுங்கள். மொத்த எண் மட்டும் போதாது. ஐம்பது பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை, இங்கே மூன்று பேர் அங்கே நான்கு பேர் என்று சிதறிப் போகிறார்கள், அதனால் ஓர் ஆசிரியரைக்கூடக் குறைக்க முடியாது, பேருந்தும் அதே தடத்தில் ஓடியாக வேண்டும், கட்டடப் பராமரிப்பும் அப்படியே நிற்கும், ஆனால் அந்த ஐம்பது பேருக்கான பணம் மட்டும் குறைந்துவிடும். பிறகு கை வைப்பது நூலகர், ஆலோசகர், இசை வகுப்பு ஆகியவற்றில்தான். பட்ஜெட்டில் இந்த வரிகளைத் தேடுங்கள். பாதிப்பு முதலில் தெரியும் இடம் அதுதான்.

உங்கள் மாநிலச் சட்டத்தையும் படித்தே ஆக வேண்டும். பென்சில்வேனியாவில் டிஸ்ட்ரிக்டே சார்ட்டருக்குப் பணம் கட்டுகிறது. அதில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தந்துகொண்டிருந்தது, 2011-ல் நிறுத்திவிட்டது. மாசசூசெட்ஸில் டிஸ்ட்ரிக்டுக்குச் சில வருடங்களுக்கு மாநிலத்தின் ஈட்டுத்தொகை உண்டு. கலிபோர்னியாவில் புதிய சார்ட்டருக்கு அனுமதி தரும்போது டிஸ்ட்ரிக்டின் நிதி நிலையைக் கணக்கில் எடுக்க 2019-ல் வந்த சட்டம்தான் வழி செய்தது. ரொம்பத் தாமதம் என்பேன்.

அப்புறம், யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள்? சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் விகிதம் இரண்டு பக்கமும் எப்படி மாறியது என்று பாருங்கள். வருட நடுவில் காலியாகும் இடத்தை நிரப்பாத சார்ட்டர்கள் இருக்கின்றன. பகுதிப் பள்ளியோ எந்த மாதம் வந்தாலும் தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை ஒப்பிடுகிறவர்கள் இதை விட்டுவிடுவது நியாயமே இல்லை.

எல்லாப் பழியையும் சார்ட்டர் மேல் போடவும் கூடாது. சிகாகோ 2013-ல் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடியது; புதிய சார்ட்டர்கள் பிள்ளைகளை ஈர்த்தது உண்மை, அந்தப் பகுதிகளிலிருந்து குடும்பங்களே வெளியேறியதும் உண்மை. அதனால் பிறப்பு எண்ணிக்கையையும் குடிபெயர்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் சார்ட்டருக்கு அருகில் இருந்த பொதுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண் சற்றே உயர்ந்தது.

சரி, இவ்வளவும் கையில் இருந்தால் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: போன பிள்ளைகளால் எவ்வளவு வருமானம் குறைந்தது, எவ்வளவு செலவு உண்மையில் குறைந்தது? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள், பட்ஜெட் ஓட்டெடுப்புக்கு முன்பே.